முன்கை

"இயந்திரத்தில் எந்தப் பிழையும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி கோப்பை மூடினாள். விசாரணை மன்றத்தில் அவளுடைய வேலை அதோடு முடிந்தது. பதினொரு மணி ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஆலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

போர் முடிந்து நான்கு மாதமாகியிருந்தது. பாலைவன எல்லையில் நாற்பது நாள் நடந்த போர். அதன் முப்பத்தோராம் நாள் காலையில் இருதயராஜ் என்ற கன்னர், அதாவது டாங்கியின் பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுபவன், ஒரு தண்ணீர் லாரியைச் சுட்டிருந்தான். நம் பக்கத்து லாரி. ஓட்டுநரும், பின்னால் குடங்களோடு உட்கார்ந்திருந்த எல்லைக் கிராமத்துப் பெண்கள் நால்வரும் இறந்துபோனார்கள். லாரியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இறைகுழாய் தூரத்திலிருந்து பார்க்கப் பீரங்கிக் குழல்போல இருந்திருக்கிறது. "நான் சுடலை, அதுவா சுட்டுச்சு" என்பதுதான் முதல் நாளிலிருந்து அவன் சொல்லிவந்த ஒரே பதில். அதனால்தான் அந்த டாங்கியின் சுழலும் மேற்கோபுரத்தை வடிவமைத்தவளைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள்.

அவள் எழுந்திருக்கும்போது இருதயராஜ் பேச அனுமதி கேட்டான். விசாரணைக்குத் தலைமை வகித்த பிரிகேடியர் பொன்னப்பா தலையசைத்தார்.

"மேடம், நீங்க அதுக்குள்ள உக்காந்து சுட்டுப் பாத்திருக்கீங்களா?"

"ஆயிரத்து இருநூறு தடவைக்கு மேல சோதிச்சிருக்கோம்."

"நீங்க, மேடம்?"

தமயந்தி யோசித்தாள். ஒன்பது வருடம் அந்தக் கோபுரத்தோடு வாழ்ந்திருக்கிறாள். அதன் ஒவ்வொரு போல்ட்டும் எத்தனை இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் கன்னரின் இருக்கையில் உட்கார்ந்து கைப்பட்டையைக் கட்டிக்கொண்டதில்லை. அதற்கு ராணுவத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

"இல்லை" என்றாள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. முப்பது வயதுகூட இருக்காது அவனுக்கு. தொண்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் என்று கோப்பில் இருந்தது. ரயிலில் வரும்போது, அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆலையின் சோதனைக் கூடத்தில் தலைமை ஃபிட்டராக இருந்தவர் ரவூஃப். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மறுநாள் காலை அவள் போய்ச் சொன்னதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்களா மேடம்? இப்ப எதுக்கு?"

"ஒரு தடவை உக்காந்து பாக்கணும் பாய். குண்டு வேண்டாம். திரையில படம் போட்டாப் போதும்."

டாங்கியின் உடல் இல்லாமல் கோபுரம் மட்டும் ஒரு இரும்பு மேடைமேல் இருந்தது. பத்தொன்பது டன். இரண்டு மீட்டர் அகலமுள்ள ஒரு வளையத்தில், நூற்றுக்கணக்கான எஃகு உருண்டைகளின் மேல் அது சுழலும். பழைய கோபுரங்களில் பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். கன்னர் கைப்பிடியைத் திருப்பினால் முதலில் அந்த இடைவெளி அடைபட வேண்டும், பிறகுதான் கோபுரம் அசையும். தமயந்தி ஒரு சக்கரம் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தி, ஒன்றையொன்று எதிர்த்து அழுத்தும்படி வைத்து, அந்த மயிரிழையை ஒழித்தாள். அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் வேலை அது.

இரண்டாவது வேலைதான் முன்கை.

பழைய முறையில் கன்னர் எதிரியைப் பார்த்து, குறியை நிறுத்தி, காலால் மிதியை அமுக்க வேண்டும். கண்ணில் பட்டதிலிருந்து குண்டு கிளம்ப ஒரு நொடிக்கு மேல் ஆகும். முன்கையில் மிதி கிடையாது, கைப்பிடியில் ஒரு பொத்தான்தான். கன்னரின் வலது முன்கையில் ஒரு பட்டை கட்டியிருக்கும். விரல் அசைவதற்கு முன்பே அதை அசைக்கப்போகும் தசை விழித்துக்கொள்ளும் அல்லவா, அந்த விழிப்பைப் பட்டை பிடித்துவிடும். விரல் பொத்தானைத் தொடும்போது குண்டு குழலைவிட்டுப் போயிருக்கும். நொடியில் மூன்றிலொரு பங்கு லாபம். எதிரியின் டாங்கிகளுக்கு அந்த மூன்றிலொரு பங்கு கிடைக்கவில்லை. நாற்பது நாளில் போர் முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின.

இருக்கை குறுகலாக இருந்தது. முழங்கால் இரண்டும் இரும்பில் இடித்தன. எண்ணெய் வாசமும் முன்பு அங்கே உட்கார்ந்தவர்களின் வியர்வை வாசமும் வந்தன. பட்டையைக் கட்டிவிட்டு ரவூஃப் வெளியே போனார்.

"நாப்பது படம் வரும் மேடம். டாங்கியா இருந்தா மட்டும் சுடுங்க. மத்தது எது வந்தாலும் விட்டுருங்க. சுட்டா, குண்டு போடுற பின்கதவுல சுத்தி அடிக்கிற சத்தம் கேக்கும்."

படங்கள் வந்தன. புழுதி, மேடு, புழுதி, அதற்குள்ளிருந்து ஒரு டாங்கி. கோபுரம் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. அவள் திருப்பிய மாதிரியே இல்லை. தன் கழுத்து திரும்புவதுபோல அவ்வளவு இயல்பாக இருந்தது. பின்கதவில் சுத்தியல் அடித்தது. அடுத்தது ஒரு மாட்டு வண்டி, விட்டுவிட்டாள். அடுத்தது டாங்கி. இருபது படம் தாண்டியதும் பயம் விட்டுப்போயிற்று. சொன்னால் வெட்கம், கொஞ்சம் உற்சாகமாகக்கூட இருந்தது.

இறங்கி வந்தபோது புடவை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒரு தப்பும் இல்லை பாய்" என்றாள்.

ரவூஃப் ஒரு தாளை நீட்டினார். இருபத்திரண்டு முறை சுட்டிருந்தாள். டாங்கிப் படங்கள் மொத்தமே பதினேழு.

"இல்லையே. நான் சுட்டது எல்லாம் டாங்கிதான்."

"பதினாலாவதைப் போடுறேன், பாருங்க."

திரையில் ஒரு டிராக்டர் வந்தது. மண் அள்ளும் கைகளை முன்னால் உயர்த்திக்கொண்டு மேட்டில் ஏறியது. அந்தப் படத்தை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அது டாங்கி. தாழ்வான கோபுரத்தோடு, குழலை நேராக அவளைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்த டாங்கி. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள்.

"படத்தை மாத்திட்டீங்களா?"

"நான் எதுக்கு மேடம் மாத்தப்போறேன்?"

மற்ற நான்கையும் போட்டுக் காட்டினார். ஒரு பேருந்து. ஒரு வைக்கோல் போர். கம்பி ஏற்றிய லாரி. நான்காவதில் தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் நடந்து வந்தான். ஐந்தும் அவள் நினைவில் டாங்கிகளாகவே இருந்தன. சுத்தியல் அடித்த சத்தம் கேட்டவுடன், சுட்டுவிட்டோம், அப்படியானால் அது டாங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனம் தானாகவே ஒட்டுப்போட்டு முடித்திருந்தது. தையல்கூடத் தெரியவில்லை.

தமயந்தி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

"இதுக்கே இப்படி ஆயிட்டீங்களே" என்று ரவூஃப் மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணு இருக்கு. இந்தக் கோட்டைப் பாருங்க. உங்க கையில இருந்து வந்த சிக்னல். இந்த எடத்துல தசை முழிச்சுக்குது. இங்க சுட்டாச்சு. நம்ம ரிப்போர்ட்டு இதோட நின்னுரும். ஆனா பட்டை அதுக்கப்புறமும் எழுதிக்கிட்டேதான் இருக்கு. சுட்டதுக்கு அப்புறம் கோடு என்ன பண்ணுதுன்னு பாருங்க."

கோடு மேலே ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று கீழே விழுந்து எதிர்ப்பக்கம் போயிருந்தது. ஐந்து படங்களிலும் அப்படித்தான்.

"என்ன இது?"

"உங்க கை பின்னால வாங்குது மேடம். வேண்டாம்னு. பழைய மிதியா இருந்தா இந்நேரம் காலைத் தூக்கியிருப்பீங்க. சுடாமயே போயிருக்கும்."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே பாய். நான் வாங்கின மாதிரியே ஞாபகம் இல்லையே."

"கைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர்.

அன்றும் மறுநாளும் அவள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. போரில் முன்கை சுட்ட குண்டுகள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. ஒவ்வொன்றின் பதிவும் ஆலையில் இருந்தது. இருதயராஜுடைய டாங்கியின் பதிவு மட்டும் முத்திரை வைக்கப்பட்டு மன்றத்தில் இருந்தது. சுட்ட கணத்தோடு நின்றுவிடாமல் அதற்குப் பிந்தைய அரை நொடியையும் எடுத்து வரிசைப்படுத்தினாள். இதுவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக் காரணம் இருந்ததில்லை.

இருநூற்றுப் பதினான்கு குண்டுகளில் கை பின்னால் வாங்கியிருந்தது.

கணினி தப்பாக எண்ணுகிறது என்று நினைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். குறிநோக்கியின் படமும் கூடவே இருந்தது. சிலவற்றில் உண்மையான எதிரி டாங்கிகள்தான், கன்னர் ஏதோ தயங்கியிருக்கிறான், அவ்வளவே. எழுபத்திரண்டாவது பதிவில் ஒரு டாங்கி நின்றிருந்தது. மேல்மூடி திறந்திருந்தது. அதிலிருந்து இடுப்பு வரை வெளியே வந்த ஒருவன் தன் பனியனைக் கழற்றித் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தான். கன்னரின் கோடு ஏறி, உச்சிக்குப் போய், கீழே விழுந்தது. அடுத்த படத்தில் புகை. அந்தக் கன்னர் எழுதிக்கொடுத்த அறிக்கையில், "எதிரி டாங்கி குழலை என் பக்கம் திருப்பியது, சுட்டேன்" என்றிருந்தது. அவனுக்குப் பதக்கம் கொடுத்திருந்தார்கள். அவன் பொய் சொல்லவில்லை என்பது தமயந்திக்குத் தெரியும். டிராக்டரை அவளும் அப்படித்தான் பார்த்தாள்.

உணவகத்திலிருந்து யாரோ சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சாம்பார் ஆறி ஆடை கட்டிப்போயிற்று.

ஆலையின் இயக்குநர் கோதண்டபாணி அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். இடையில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. அவளை வேலைக்கு எடுத்தவரே அவர்தான்.

"அந்தப் பையன் சொன்னது நெஜம்னு சொல்ற."

"ஆமா சார். அவன் ஒருத்தனுக்குத்தான் ஞாபகம் சரியா இருந்திருக்கு. மத்த எல்லாருக்கும் மனசு ஒட்டுப்போட்டிருச்சு."

"சரி. பழைய கோபுரத்தோட அவங்க போருக்குப் போயிருந்தா இதுல எத்தனை பேர் திரும்பி வந்திருப்பாங்க, கணக்குப் போட்டியா?"

அவள் போட்டிருந்தாள். பாதிப் பேர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

"நீ செஞ்சதாலதான் அவங்க உசிரோட இருக்காங்க. இப்ப அவங்ககிட்ட போய், நீ கொல்ல வேணாம்னு நெனச்சப்பவே கொன்னுட்டப்பான்னு சொல்லப்போற. அந்த இருநூத்திப் பதினாலு குண்டைச் சுட்டவங்க எல்லாரும் இன்னைக்கு வீட்டுல நிம்மதியா இருக்காங்கம்மா. சாப்பிடுறான், புள்ளைய ஸ்கூல்ல கொண்டு விடுறான். அதைக் கெடுக்கணுமா?"

"ஒருத்தன் நிம்மதியா இல்லை சார். அவனைக் குத்தவாளின்னு சொல்லப்போறாங்க. நான் கொடுத்த சாட்சியை வச்சு."

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தடுக்கவில்லை. "போ. சொல்லு. ஆனா அவன் பதிவையும் பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

விசாரணை மறுபடி கூடிய நாள் காலையில் பிரிகேடியர் பொன்னப்பாவின் முன்னிலையில் முத்திரையை உடைத்தார்கள். தமயந்தி பதிவைத் தன் கணினியில் ஏற்றினாள். புழுதிக்கு நடுவே லாரி, நீட்டிய குழாய், பின்னால் வரிசையாக நான்கு நிமிர்ந்த தலைகள். குடங்கள் வெயிலில் மின்னின. கோடு ஏறியது. உச்சிக்குப் போனது. குண்டு கிளம்பியது.

கோடு இறங்கவில்லை.

அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி. புகை விலகும்வரை கோடு உச்சியிலேயே நேராகக் கிடந்தது. இருதயராஜின் விரல் பொத்தானைத் தொட்டு அமுக்கி, அமுக்கியபடியே இருந்திருக்கிறது. கை பின்னால் வாங்கவே இல்லை.

அவள் திரும்ப ஓட்டினாள். பட்டையின் எண்ணைச் சரிபார்த்தாள். தேதியைப் பார்த்தாள். 

"என்னாச்சு?" என்று பிரிகேடியர் கேட்டார்.

"ஒரு மணி நேரம் வேணும் சார். முதல்ல அவர்கிட்ட பேசணும்."

அவனை வைத்திருந்த அறை வெளிச்சமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வீரர்கள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இருதயராஜ் எழுந்து நின்றான்.

"உக்காந்து பாத்தீங்களாமே மேடம். காவல்ல இருக்கிறவர் சொன்னாரு."

"பாத்தேன்."

"அதுவாத்தானே சுடுது?"

எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். டிராக்டர், ஏணி மனிதன், இருநூற்றுப் பதினான்கு. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நான்கு மாதமாக ஒருவரும் நம்பாத ஒரு விஷயத்தை ஒருவர் எண்ணிக் கொண்டுவந்து காட்டினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.  அவள் மீதியைச் சொல்வதற்குள் அவனே கேட்டான்.

"என் கையும் பின்னால வந்துச்சுல்ல மேடம்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. குடத்தைப் பாத்தேன். ஐயோ பொம்பளைங்கன்னு கையை எடுத்தேன். எடுத்த அப்புறம்தான் வெடிச்சுச்சு."

"இல்லைப்பா."

"என்ன இல்லை?"

"வரலை. உன் கை வரலை. ரெண்டு நொடி அமுக்கிக்கிட்டே இருந்திருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. வலது கையை மேசைமேல் வைத்து, யாரோ அங்கே மறந்துவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வெளியே யாரோ பாயிண்ட் எடுத்த கூச்சல் கேட்டது.

"இருக்காது மேடம்" என்றான். பிறகு, "அப்ப குடத்தைப் பாத்தது?"

"நீ எப்ப பாத்தங்கிறதை மனசு மாத்தி வச்சிருக்கும். எனக்கு டிராக்டர் டாங்கியாத் தெரிஞ்ச மாதிரி. வெடிச்சதுக்கு அப்புறம் பாத்திருப்ப."

"தினமும் காலையில எந்திரிச்சு அதைத்தான் மேடம் நெனச்சுக்குவேன். நான் கையை எடுத்தேன், நான் கையை எடுத்தேன்னு. அமலிக்கும் அதைத்தான் எழுதுனேன்." அமலி அவன் மனைவி. "நீங்க வந்துச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"கதவு வரைக்கும் அப்படிச் சொல்லிடலாம்னு நெனச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன்?"

 பொய் சொல்ல வாயைத் திறந்திருந்தால், மற்ற இருநூற்றுப் பதினான்கும் அந்தப் பொய்யோடு சேர்ந்து பொய்யாகிப் போயிருக்கும். அதை அவனிடம் சொல்வது தன்னை நியாயப்படுத்திக்கொள்வதுபோல இருக்கும் என்று பேசாமல் இருந்தாள்.

 அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "போகலாம் மேடம், காத்துக்கிட்டிருப்பாங்க" என்றான்.

தமயந்தி மன்றத்தில் இரண்டையும் சொன்னாள். இயந்திரத்தில் பிழை இல்லை என்று தான் முன்பு சொன்னது தவறு, மனிதன் வேண்டாம் என்று திரும்புவதற்கு இருந்த இடத்தை அது எடுத்துவிட்டது என்றாள். இருதயராஜின் கை திரும்பவில்லை என்பதையும் சொன்னாள். இறுதியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவனைக் கேட்டார்கள்.

"நான்தான் சுட்டிருக்கேன் சார். ஒத்துக்கிறேன். ஆனா பழைய மிதியா இருந்தா அந்த மூணுல ஒரு பங்கு நேரத்துல குடத்தைப் பாத்திருப்பேனா, காலைத் தூக்கியிருப்பேனா? எனக்குத் தெரியலை. மேடத்துக்கும் தெரியாது. இனிமே யாராலயும் சொல்ல முடியாதுல்ல சார்."

பிரிகேடியர் பொன்னப்பா அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். 

இருதயராஜுக்கு இரண்டு வருடச் சிறையும் பணிநீக்கமும் கிடைத்தன. அந்த ஆண்டே எல்லாக் கோபுரங்களிலிருந்தும் கைப்பட்டையைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. நான்கு கிலோ அழுத்தினால்தான் இறங்கும் வில்வைத்த மிதியைத் தமயந்தியே வரைந்து கொடுத்தாள். கை திரும்பிய கன்னர்களின் பட்டியலைப் பற்றி மட்டும் மேலிடம் வேறு முடிவெடுத்தது. சம்பந்தப்பட்ட கன்னர்களின் மன அமைதி கருதி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி வந்தது. கோதண்டபாணி சொன்ன அதே காரணம்.

ஆனால் மன்றத்தில் பேசியது மன்றத்துக்குள் நிற்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. தருமபுரியிலிருந்து ஒரு கன்னர்.

"மேடம், ஏதோ பட்டியல் இருக்காமே. அதுல என் பேரு இருக்கா?"

அதைச் சொல்ல அனுமதியில்லை என்றாள். மறுநாள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். வார இறுதிக்குள் முப்பது பேர். பட்டியலில் இருக்கிறோம் என்று தெரிந்தால் இவர்கள் உடைந்துபோவார்களே என்று முதலில் அவளுக்குப் பதைப்பாக இருந்தது. அவர்கள் கேட்கும் விதத்தைக் கேட்கக் கேட்கத்தான் அவளுக்குப் புரிந்தது.  பெயர் இருந்துவிடுமோ என்று ஒருவரும் அஞ்சவில்லை. இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் கேட்டார்கள். தான் வேண்டாம் என்று நினைத்ததற்கு எங்கோ ஒரு தாளில் ஒரு கோடாவது இருக்காதா என்று. பதக்கம் வாங்கியவர்களும் கேட்டார்கள்.

சுட்ட குண்டுகள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. கை திரும்பியது இருநூற்றுப் பதினான்கில்தான்.

வெள்ளிக்கிழமை காலை பேசியவர் குரலில் வயது தெரிந்தது. பெயரையும் டாங்கியின் எண்ணையும் தெளிவாகச் சொன்னார். மேலிடத்து வரி அவளுக்கு நினைவிருந்தது. ஆனாலும் முதல்முறையாகப் பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்தாள். அவர் பெயரைத் தேடி விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனாள். கடைசிப் பக்கம் வரை போனாள், பெயர் இல்லை.

"உங்களுக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கும்னு தெரியும் மேடம்" என்றார் அவர். "ஒண்ணு பண்ணுங்க. இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லைன்னா ஒண்ணும் பேச வேணாம், போனை வச்சிருங்க. நான் புரிஞ்சுக்கிறேன்."

தமயந்தி பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது.